காய்ச்சல் நின்றது, நெஞ்சு எரிகிறது: மீதி ஆறு மாத்திரைகளை என்ன செய்வது?

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 41 வயது வாசகி ஒருவர், கல்லூரியில் படிக்கும் இளைய மகளின் கையால் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அரை ஏக்கர் தேயிலை சொந்தமாக உண்டு. மற்ற நாட்களில் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கு இலை பறிக்கிறார். மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. மண்டை பிளக்கும் தலைவலி, அடித்துப் போட்டதுபோல உடம்பு வலி. மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை ஐந்து நாள் விழுங்கியும் காய்ச்சல் அசையவில்லை. ஆறாம் நாள் அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த பெண் மருத்துவர் உடம்பு முழுவதும் பார்த்துவிட்டு, இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில் ஒரு கருப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். வாசகி அதை அட்டைக் கடி என்று நினைத்து விட்டிருந்தார். ‘ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லி, டாக்சிசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கின் 100 மில்லிகிராம் கேப்சூல் காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாளைக்கு எழுதிக்கொடுத்தார்.

இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் குமட்டலும், நாளுக்கு மூன்று நான்கு முறை வயிற்றுப்போக்கும் வந்தன. நான்காம் நாள் இரவு, குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு மடக்குத் தேநீரில் கேப்சூலை விழுங்கிவிட்டு அப்படியே படுத்திருக்கிறார். விடிந்தபோது நெஞ்சுக்கு நடுவே கத்தி செருகியதுபோல வலி. எச்சில் விழுங்கவும் முடியவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டார். எட்டு உள்ளே போயிற்று, ஆறு மீதி. மாமியார், ‘இது சூட்டு மாத்திரை, காய்ச்சல்தான் போய்விட்டதே’ என்கிறார். கடைக்காரர் ஒரு கேஸ் சிரப்பைக் கொடுத்து, மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். ரத்தசோகைக்காக இரவில் இரும்புச் சத்து மாத்திரையும் எடுத்துவருகிறார்.

அவர் கேட்பவை: சில ரூபாய் மாத்திரைக்குப் பலம் போதாதா, கோயம்புத்தூர் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா? வயிறு நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? பத்து நாளுக்கு முன் தாய்வீடு வந்திருக்கும் ஐந்து மாதக் கர்ப்பிணியான மூத்த மகளுக்கு நேற்று முதல் லேசாக உடம்பு சுடுகிறது. மீதி மாத்திரைகளை அவளுக்குக் கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே ‘இன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மகளையும் அழைத்துப் போங்கள், அந்த மாத்திரையை அவருக்குக் கொடுக்க வேண்டாம்’ என்று மூன்று வரி அனுப்பச் சொன்னேன். சில கேள்விகள் அச்சுக்குக் காத்திருக்க முடியாதவை. நீங்களும், உங்களைப் போல மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் நிதானமாகப் படிக்கவே இந்த நீண்ட பதில்.

மகளை முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்கள் நெஞ்சு வலியைவிட அந்த ‘லேசாக உடம்பு சுடுகிறது’தான். உண்ணிக் காய்ச்சல் கிருமி உடலில் நுழைந்து காய்ச்சலாக வெளிப்படப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அவர் வந்து பத்து நாள் ஆகிறது. அதே வீடு, அதே கொல்லை, அதே தேயிலைச் சரிவு. கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் தாய்க்கும் ஆபத்து, கருவுக்கும் ஆபத்து. கர்ப்ப காலத்தில் டாக்சிசைக்ளினை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். பெரும்பாலும் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைத் தருவார்கள். எனவே உங்கள் ஆறு கேப்சூல்கள் அவருக்கானவை அல்ல. ஒருவேளை அது சாதாரணச் சளிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர். நீங்களோ நானோ இங்கிருந்து சொல்ல முடியாது. போகும்போது ‘அம்மாவுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது’ என்பதை வாசலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இரண்டு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நெஞ்சில் செருகிய கத்தி

உங்கள் கதையை அப்படியே எடுத்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம். படுக்கும் நேரம், ஒரு மடக்குத் திரவம், உடனே படுக்கை, விடிந்ததும் விழுங்க முடியாத வலி. டாக்சிசைக்ளின் கேப்சூலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஜெலட்டின் உறை ஈரம் பட்டதும் பிசுபிசுக்கும். தண்ணீர் போதாவிட்டால் உணவுக்குழாயின் நடுவில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மருந்து கரையும்போது அமிலத் தன்மையுடையது. இரவு முழுவதும் ஒரே இடத்தில் அது கசிந்தால் அங்கே புண் வந்துவிடும். வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்து பாதி வழியில் தங்கிச் செய்த வேலை இது. மாமியார் சொல்லும் ‘சூடு’ உண்மையில் ஒரு கேப்சூல் அகலத்துக்கான காயம். அதற்கும் உங்கள் உடல்வாகுக்கும், மலையின் குளிருக்கும் தொடர்பில்லை. குளிர் செய்தது ஒன்றே ஒன்று: உங்களைத் தண்ணீர் குடிக்க விடாமல் செய்தது. இந்தப் பக்கம் மழைக்காலத்தில் நாள் முழுவதும் இரண்டு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் புண் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானே ஆறிவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் சேர்த்துத் தருவார். அதுவரை சூடும் காரமும் இல்லாத கஞ்சி, குழைந்த சாதம். குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் தண்ணீர்கூட இறங்கவில்லை, ரத்த வாந்தி, தார்போலப் பிசுபிசுத்து நாறும் கருப்பு மலம், இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். நீங்கள் இரும்புச் சத்து மாத்திரை எடுப்பதால் மலம் சற்றுக் கருப்பாகவே போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தார்போல ஒட்டுவதும் துர்நாற்றமும் சேர்ந்தால்தான் கவலை.

இருந்தாலும் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வலியின் காரணம் கேப்சூல்தான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நம்புகிறேன். ஆனால் உண்ணிக் காய்ச்சலே சிலருக்கு இதயத் தசையைத் தாக்குவதுண்டு. சரிவில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, படுத்தால் திணறுகிறதா, வியர்வையோடு வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, செய்துவிட்டால் நிம்மதி.

விலை குறைந்த மாத்திரையும் விலை கூடிய மாத்திரையும்

டாக்சிசைக்ளின் 1967 முதல் மருத்துவப் புழக்கத்தில் இருக்கிறது. பழைய மருந்து, பல நிறுவனங்கள் செய்கின்றன, ஆகவே மலிவு. மலிவுக்கும் வீரியத்துக்கும் உறவில்லை. உங்கள் உடம்பே சாட்சி: ஐந்து நாள் செஃபிக்சிம் அசைக்காத காய்ச்சலை இது இரண்டு நாளில் இறக்கியது. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்து 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கினால், எங்களுக்கு அதுவே நோயை உறுதிசெய்யும் அடையாளங்களில் ஒன்று.

செஃபிக்சிம் ஏன் தோற்றது? அந்த வகை மருந்துகள் கிருமியின் மேல்சுவரை உடைத்துக் கொல்பவை. உண்ணிக் காய்ச்சலைத் தரும் ‘ஓரியன்ஷியா’ கிருமிக்கு மற்றக் கிருமிகளைப் போன்ற தடித்த சுவர் கிடையாது. அது நம் செல்லுக்கு உள்ளேயே குடியிருக்கிறது. பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி தேடியதுபோல ஐந்து நாள் போனது. அந்த ஐந்து நாள் சும்மா போகவில்லை என்பதுதான் வருத்தம். அது வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளை அழித்திருக்கும். இப்போதைய பேதியில் பாதிப் பங்கு அந்த மாத்திரையுடையது என்பது என் கணிப்பு. பழி மட்டும் பின்னால் வந்த டாக்சிசைக்ளின் தலையில் விழுந்திருக்கிறது.

கடைக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செஃபிக்சிம் ‘எச்1’ அட்டவணையில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கும்போது எழுதிய மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஊருக்கு ஒரே கடை, இரவு பத்து மணிக்கும் கதவைத் தட்டினால் திறக்கும் மனிதர். அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவர் கையில் இரத்தப் பரிசோதனைக் கருவியும் இல்லை, உங்கள் இடுப்பைப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் போதும்.

ஊசி பற்றி. விழுங்கிய டாக்சிசைக்ளினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலால் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் சேர்ந்துவிடும். வாய்வழி எடுப்பவருக்கு ஊசி பெரிதாக எதையும் கூட்டித் தராது. நுரையீரலோ மூளையோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட கடுமையான நோயாளிகள் கதை வேறு. அவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நடந்து மருத்துவமனைக்கு வந்த, இரண்டாம் நாளே காய்ச்சல் விட்ட நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கோயம்புத்தூர் பஸ் செலவு மிச்சம்.

வயிறு ஏன் படுத்துகிறது

குமட்டலுக்குக் காரணம் எளிது. வெறும் வயிற்றில் இந்த மருந்து இரைப்பையின் சுவரை நேராகச் சீண்டும். உணவுக்குப் பிறகு எடுத்தால் பெரும்பாலோருக்குக் குமட்டல் பாதிக்குமேல் குறையும். ‘பாலும் தேநீரும் பட்டால் மாத்திரை செத்துவிடும்’ என்று ஒரு பயம் ஊரில் உண்டு. பழைய டெட்ராசைக்ளினுக்கு அது பொருந்தும். டாக்சிசைக்ளின் விஷயத்தில் பாலோ உணவோ உறிஞ்சலைச் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் குறைக்கிறது. ஆகவே உங்கள் தேநீரில் இருந்த பால் குற்றவாளி அல்ல. அது ஒரே ஒரு மடக்காக இருந்ததுதான் குற்றம்.

உண்மையான திருடர்கள் இருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒன்று, அந்தக் கேஸ் சிரப். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அத்தகைய சிரப் டாக்சிசைக்ளினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பது, மாத்திரையைப் பாதி தூக்கி எறிவதற்குச் சமம். இன்னொன்று இரும்புச் சத்து மாத்திரை. இது அதைவிடக் கெட்டிக்காரன். ரத்தத்தில் சேர்ந்த டாக்சிசைக்ளின் மீண்டும் குடலுக்குள் சுரக்கும்போது, அங்கேயும் இரும்பு அதைப் பிடித்துவிடும். இரவில் இரண்டையும் ஒன்றாக விழுங்கியிருந்தால், இரவு வேளை மருந்து உங்களுக்கு முழுதாகக் கிடைத்திருக்காது. ஏழு நாளைக்கு இரும்பை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தசோகை ஒரு வாரத்தில் ஓடிப்போகாது, பிறகு தொடரலாம்.

பேதிக்கு வருகிறேன். எந்த ஆன்டிபயாடிக்கும் குடலில் வாழும் நல்ல கிருமிகளையும் கொஞ்சம் வாரிக்கொண்டு போகும். நாளுக்கு மூன்று நான்கு முறை இளகிப் போவது அதன் விளைவு. மருந்து முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் குடல் பழைய நிலைக்கு வரும், நிரந்தரமாகக் கெட்டுவிடவில்லை. அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி. மோரையும் ராகிக் களியையும் மாத்திரையோடு ஒட்டி வேண்டாம், இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து நிறைய. இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். பேதியை உடனே கட்டும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். பத்து முறைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, ரத்தமோ சளியோ கலந்தாலோ, வயிற்று வலியோடு காய்ச்சல் திரும்பினாலோ, அது வேறு நோய். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு குடலில் ஒரு விஷக் கிருமி பெருகுவதுண்டு. மாத்திரை முடிந்து சில வாரம் கழித்தும் அது வரலாம். டாக்சிசைக்ளினில் அது அரிது. செஃபிக்சிம் வகைகளில் சற்று அதிகம்.

மீதி ஆறு

நான்கு நாளில் நிறுத்தியதற்காக உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. விழுங்கவே முடியாதபோது நிறுத்தியது சரி. நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் தவறு. டாக்சிசைக்ளின் இந்தக் கிருமியைக் கொல்வதைவிட, பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. மிச்ச வேலையை உங்கள் உடலின் எதிர்ப்புச் சக்தி செய்ய வேண்டும். காய்ச்சல் நின்ற பிறகும் நாட்களை எண்ணிக் கொடுப்பது அதற்காகத்தான். இடையில் விட்டால் சிலருக்கு ஒரு வாரத்தில் காய்ச்சல் திரும்பும்.

உங்கள் மருத்துவருக்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. புண் ஆறும்வரை இந்தக் கேப்சூலை விட்டுவிட்டு அசித்ரோமைசினுக்கு மாற்றுவது ஒன்று. உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன். ஆனால் அதுவும் வயிற்றை முறுக்கும், பேதி தரும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாடிக் உலகில் சாதுவான வயிற்று மாத்திரை எதுவும் இல்லை. இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், இ.சி.ஜி. எடுக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். மற்றொரு வழி, வலி லேசாக இருந்தால் டாக்சிசைக்ளினையே ஒழுங்காக விழுங்கி முடிப்பது. ஒழுங்காக என்றால்: சாப்பிட்ட பின், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரோடு, அதன்பின் ஒரு மணி நேரம் படுக்காமல். இரவு மாத்திரையைப் படுக்கை நேரத்திலிருந்து பிரித்து, ஏழு மணிச் சாப்பாட்டோடு கட்டிவிடுங்கள். விழுங்கிய அரை மணிக்குள் வாந்தியில் கேப்சூல் முழுதாக வந்துவிட்டால் மருத்துவரைக் கேட்டு மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. இந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும். குளிரும் ஊரில் வெயில் சுடாது என்று நினைப்போம். கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டிய உயரம்; அங்கே புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல். இலை பறிக்கப் போனால் முழுக்கை, தலையில் துண்டு.

திரும்பிப் போனால் மருத்துவர் திட்டுவாரோ என்று உங்கள் மகள் கடைசி வரியில் எழுதியிருக்கிறார். இடுப்பிலுள்ள பொருக்கைத் தேடிக் கண்டுபிடித்த மருத்துவர் அவர். அந்தப் பொறுமை உள்ளவர்கள் திட்டுவது குறைவு. அப்படியே முகம் சுளித்தாலும், கொடுத்த மருந்தின் பெயர், பக்கவிளைவு, மாற்று வழி மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கடைச் சிரப், இரும்பு மாத்திரை, செஃபிக்சிம் அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அட்டை சொல்லிவிடும். மருந்தின் பக்கவிளைவை நோயாளியே நேரடியாக அரசுக்குத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு. இரவில் சந்தேகம் வந்தால், மருத்துவ ஆலோசனைக்கான 104 என்ற எண்ணை அழையுங்கள்.

ஆறு கேப்சூலையும் டப்பாவில் சேர்த்து வைக்க வேண்டாம். மருத்துவர் வேண்டாம் என்றால் அவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த மழைக்கு இருமல் வந்த கணவர் கைக்கு அது போய்ச் சேருவதைத் தடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அட்டைக் கடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அட்டை கடித்தால் ரத்தம் நிற்காமல் வழியும், பிறகு அரிக்கும். இது வலிக்காது, அரிக்காது. சிகரெட்டால் சுட்டதுபோல நடுவில் கருப்பு, சுற்றிலும் சிவப்பு. இடுப்பு, அக்குள், மார்பின் அடி, தொடை இடுக்கு என்று மறைவிடங்களையே தேடி உட்காரும். உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டு மாட்டைச் சந்தேகிக்க வேண்டாம். இதைப் பரப்புவது மாட்டு உண்ணி அல்ல. புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற உறுதியும் கிடையாது. இலை பறித்து வந்ததும் உடை மாற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். உட்கார்ந்து சாப்பிடப் புல்லின் மேல் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். துவைத்த துணியைத் தேயிலைச் செடி மேல் விரித்துக் காயவைக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். முற்றத்தில் ஒரு கொடி கட்டிவிடச் சொல்லுங்கள்.